மேல்மண்ணைக் கொடுத்துச் செங்கல் வாங்கலாமா?

கேள்வி: "எங்களுக்கு மேட்டூர் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். அதில் மேடாக இருக்கும் ஒரு ஏக்கரில் மூன்று அடி மண் எடுத்துக்கொள்வதாகச் சூளைக்காரர் கேட்கிறார். பணமும் தருவாராம், மாட்டுக் கொட்டகையும் தீவன அறையும் கட்டக் கல்லும் தருவாராம். நிலமும் சமமாகிவிடும் என்கிறார் அப்பா. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். ஃபிளை ஆஷ் கல் வாங்கிக் கட்டலாமே என்றால், 'அது சாம்பல், மழைக்குக் கரைந்துவிடும்' என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?"
- சேலம் மாவட்ட வாசகி

மண் விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி. கல் விஷயத்தில் மகள் சொல்வது சரி. சாம்பல் கல் கரையும் என்ற பயமும் அடியோடு தவறில்லை. மோசமாகத் தயாரித்த கல் உண்மையிலேயே உதிரும். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கணக்கு.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் மூன்று அடி மண் எடுத்தால் சுமார் 3,700 கன மீட்டர். டிராக்டர் டிப்பரில் ஒரு நடைக்கு மூன்று கன மீட்டர் என்று வைத்தால் 1,200 நடைக்கு மேல். ஆயிரம் செங்கல் அறுக்க ஏறத்தாழ இரண்டு, இரண்டேகால் கன மீட்டர் மண் போதும். ஆக, அந்த மேட்டு நிலத்திலிருந்து 15 லட்சம் கல்லுக்குக் குறையாமல் அறுக்கலாம்.

கட்டப்போவது எவ்வளவு? கேள்வியில் அளவு இல்லை. நாலு மாட்டுக்கு 20 அடிக்கு 12 அடி கொட்டகை, 10 அடிக்கு 12 அடி தீவன அறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாட்டுக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி இடம் போதும் என்பதால் இந்தக் கொட்டகையே தாராளம். அதற்குக் கூரை வரை சுவர் எழுப்ப வேண்டியதில்லை. மூன்று பக்கம் நாலடிச் சுவர், மேலே திறப்பு என்று விட்டால்தான் நம் ஊர் வெயிலுக்கு மாடு மூச்சுவிடும், பால் குறையாது. நாலு பக்கமும் அடைத்துக் கட்டிவிட்டுப் பிறகு மின்விசிறி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நாலடிச் சுவரோடு நிறுத்தினால் கொட்டகைக்கும் அறைக்கும் சேர்த்து ஏறத்தாழ 6,000 கல்லில் வேலை முடிந்துவிடும். அதற்கான மண் நாலைந்து டிராக்டர் நடை. சூளைக்காரர் கேட்பதோ 1,200 நடை. கல் இனாமாக வருகிறது என்பதை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

அடுத்தது, போகிற மண்ணில் என்ன இருக்கிறது என்பது. ஒரு ஏக்கரின் மேல் ஆறங்குல மண் சுமார் 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அங்கக கரிமம் அரை சதவீதம் என்று மண் பரிசோதனை அட்டையில் வந்தால், அந்த ஆறங்குலத்தில் 4,500 கிலோ கரிமம் இருக்கிறது என்று பொருள். பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற பொதுக் கணக்கில் 450 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து. அப்படியானால் மேல் ஆறங்குலத்தில் மட்டும் இருபது மூட்டை யூரியாவுக்கு மேல் சேமிப்பில் இருக்கிறது. பயிருக்கு ஒரே ஆண்டில் அது முழுதும் கிடைத்துவிடாது. நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகத்தான் எடுத்துக் கொடுக்கும். அந்த நுண்ணுயிர்களும் மண்புழுவும் வேரும் இருப்பதும் அதே மேல்மண்ணில்தான். ஓர் அங்குல மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும்.

மூன்று அடி தோண்டினால் கீழே வருவது வேறு மண். மேட்டூர், எடப்பாடி பக்கத்துச் செம்மண் நிலங்கள் பலவற்றில் கீழே சுக்கான் கலந்த மண்ணோ சரளையோ வந்துவிடும். சுக்கான் மேலே வந்தால் துத்தநாகம், இரும்புச்சத்து இரண்டையும் பயிரால் எடுக்க முடியாது. மக்காச்சோளம் முளைத்து இருபது நாளில் வெளிறும், நிலக்கடலை மஞ்சளாகும். கடைக்காரர் நுண்ணூட்டம் கொடுப்பார். தெளிப்பார்கள், பச்சை கட்டும், அடுத்த பயிரில் திரும்ப வெளிறும். பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பு சரியும். மழை பெய்தால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் பள்ளத்தில் நிற்கும். அண்டை வீட்டுச் சண்டை ஒன்றும் சேர்ந்து வரும்.

ஏரி வண்டலை அடித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். வண்டல் நல்லதுதான், அரசும் இலவசமாக அனுமதிக்கிறது. ஆனால் அளவு உண்டு. புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர் நடை. அதைப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனமே வரும். 1,200 நடை போன இடத்தை 30 நடை நிரப்பாது.

நிலத்தைச் சமன்படுத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மேல் முக்கால் அடி மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவிக்க வேண்டும். அடிமண்ணை மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தள்ளிச் சமப்படுத்த வேண்டும். பிறகு குவித்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். ஜேசிபி வாடகை கொஞ்சம் கூடும். மண் நிலத்திலேயே இருக்கும்.

இதில் சட்டமும் உண்டு. செங்கல் மண் சிறு கனிமங்களில் ஒன்று. பட்டா நிலமாகவே இருந்தாலும், 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டி விற்கக் கூடாது. கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டைச் சூளைக்காரர் காட்டுகிறாரா என்று கேட்டாலே பல பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் வெட்டி ஓடைகளே உருமாறிப்போயின. விவகாரம் நீதிமன்றம் வரை சென்று, 2021-இல் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. சூளை மூடினாலும் வெட்டிய பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

இனி சாம்பல் கல்.

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். ஒரு டன் எரித்தால் 300 கிலோவுக்குக் குறையாமல் மிஞ்சும். அதில் ஐந்தில் நாலு பங்கு புகையோடு பறக்கும் நுண்ணிய சாம்பல். புகைபோக்கிக்குப் போகும் முன்பே மின்சாரத் தகடுகளால் இழுத்துப் பிடித்து அதைச் சேகரிக்கிறார்கள். அதுதான் ஃபிளை ஆஷ். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை, நெய்வேலி எல்லாம் இப்படிச் சாம்பல் தரும் இடங்கள். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களும் கொசஸ்தலை ஆற்றங்கரை மக்களும் அனுபவித்துவிட்டார்கள்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பர் 14-இல் வெளியிட்ட அறிவிக்கையின் முதல் நோக்கமே, செங்கல்லுக்காக மேல்மண் வெட்டுவதைக் குறைப்பதுதான். அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் சாம்பலைச் சேர்த்தே கட்டுமானப் பொருள் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. 2003-இல் அது 100 கிலோமீட்டர் ஆனது, 2016-இல் 300 கிலோமீட்டர். 2009 அறிவிக்கையில், மின் நிலையங்கள் உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைச் செங்கல் தயாரிப்போருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். மேல்மண்ணைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இன்னும் மண் கேட்டு ஆள் வருகிறது என்பதுதான் வருத்தம்.

சரி, சாம்பல் எப்படிக் கல்லாகிறது? தனியாக ஆகாது. தண்ணீர் ஊற்றினால் சேறுதான். ஆனால் அதில் உள்ள நுண்ணிய சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்தால் மெதுவாகப் பிணைந்து இறுகும். இது புது விஷயமே இல்லை. அந்தக் காலத்தில் செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்பில் அரைத்துக் கட்டினார்களே, அந்தச் சுர்க்கிக் காரையில் நடப்பதும் இதுதான். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பியது. சுட்ட செங்கல் தூள் செய்த வேலையை இங்கே கொதிகலனில் வெந்த சாம்பல் செய்கிறது.

விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்துச் சூளையே இல்லாமல் கல் செய்யும் முறையை உருவாக்கி நாடு முழுதும் பரப்பினார்கள். அந்த ஜிப்சமும் பெரும்பாலும் கழிவுதான். உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது மிஞ்சுவது. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிற ஜிப்சம்தான் அது. இப்போது பல சிறு பட்டறைகளில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் சேர்க்கிறார்கள். பொதுவாகச் சாம்பல் பாதிக்கு மேல், கிரஷர் தூள் மூன்றில் ஒரு பங்கு, சிமெண்ட் எட்டு முதல் பத்து சதவீதம் என்ற கணக்கில் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுப்பார்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் தண்ணீர் தெளிப்பார்கள். விறகும் நிலக்கரியும் எரிக்கும் சூளை வேண்டாம், வெட்டிய மண் வேண்டாம். 'பசுமைக் கல்' என்று எழுதி விற்கிறார்கள். அந்த அளவுக்குப் புகழ வேண்டாம். உள்ளே இருக்கும் சிமெண்ட் சூளையில் வெந்துதான் வந்தது, சாம்பலும் நிலக்கரி எரிந்த மிச்சம்தான். ஆனாலும் சாம்பல் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, மேல்மண் அப்படிக் குவிந்து கிடக்கவில்லை.

கரைந்துவிடும் என்ற பயத்துக்கு வருவோம். இந்தக் குறை எழுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, சிமெண்டைக் குறைத்துவிடுவது. இன்னொன்று, ஆறாத கல்லை லாரி ஏற்றிவிடுவது. வார்த்து ஒரு வாரத்திலேயே கல் பார்வைக்குக் கெட்டியாகத்தான் தெரியும். உள்ளே இறுகி முடிய 28 நாள் வேண்டும். அதற்கு முன் கட்டினால் சுவர் ஏறிய பிறகு கல் சுருங்கும், பூச்சில் மயிரிழை வெடிப்பு ஓடும். 'ஃபிளை ஆஷ் கல் வெடிக்கும்' என்று கொத்தனார்கள் சொல்வதில் பாதி இந்த அவசரத்தால் வந்த பெயர். எனவே பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தத் தேதியில் வார்த்தது?" என்பது. முடிந்தால் ஒரு மாதம் முன்பே வாங்கித் தோட்டத்தில் அடுக்கிவிடுவது இன்னும் நல்லது.

வீட்டிலேயே சோதிக்கலாம். நன்கு உலர்ந்த ஒரு கல்லைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுதும் வாளித் தண்ணீரில் போட வேண்டும். எடுத்துத் துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். மூன்று கிலோ கல் என்றால் மூன்று கிலோ அறுநூறு கிராமைத் தாண்டக் கூடாது. 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது சூளைச் செங்கல்லுக்கும் உள்ள தர அளவுதான். வாளித் தண்ணீர் சாம்பல் கரைந்து கலங்கினாலோ, விளிம்பு கையோடு உதிர்ந்தாலோ அந்தப் பட்டறையை விட்டுவிட வேண்டும். ஆணியால் கீறினால் ஆழமாகக் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. சேம்பர் கல்லைப் போலக் கணீரென்று ஒலிக்கவில்லையே என்று கழிக்க வேண்டியதில்லை. இதன் ஒலி கொஞ்சம் மந்தம்தான். ஆறாயிரம் கல் வாங்குகிறவர் பட்டறைக்காரரிடம் சோதனைச் சான்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். அதில் 7.5 நியூட்டன் வலிமை, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 75 கிலோ தாங்கும் என்றிருந்தால் தரைத்தளக் கட்டடத்துக்குத் தாராளம். சான்றில் சந்தேகம் வந்தால் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ சிவில் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

கட்டும்போது கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. சூளைக் கல்லைப் போலத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது. மேலே தண்ணீர் தெளித்தால் போதும். கல் ஒரே அளவாக இருப்பதால் சாந்தும் பூச்சும் குறைவாகப் பிடிக்கும். விலை பேசும்போது கல்லின் விலையோடு இந்தச் சிமெண்ட் மிச்சத்தையும், வண்டி வாடகையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பட்டறை தூரமாக இருந்தால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். மேட்டூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. நீளச் சுவரில் 10, 12 அடிக்கு ஒரு தூண் விட வேண்டும். கட்டி முடித்ததும் பூசிவிடாமல் சுவரை இரண்டு மூன்று வாரம் உலர விட வேண்டும். கல் வழவழப்பாக இருப்பதால், பூச்சு பிடிக்க இணைப்புச் சாந்தைக் கொஞ்சம் சுரண்டி வைக்க வேண்டும். கொட்டகையில் மூத்திரமும் சாணித் தண்ணீரும் தெறிக்கும் அடிப்பகுதிக்குக் கருங்கல்லோ கெட்டியான சிமெண்ட் பூச்சோ அவசியம். இது எந்தக் கல்லில் கட்டினாலும் செய்ய வேண்டியது.

ஓரிடத்தில் மட்டும் சாம்பல் கல் வேண்டாம். நெல் அவிக்கும் அடுப்பு, வெல்லம் காய்ச்சும் அடுப்பு போலத் தீ நேராக அடிக்கும் இடத்துக்குச் சுட்ட மண் கல்தான். சாம்பல் கல்லின் பிணைப்பு கடும் சூட்டில் தளர்ந்துவிடும்.

கேள்வி: "மின் நிலையச் சாம்பல் லாரியில் வருகிறது. சாம்பல்சத்துக்காக அதை வயலில் கொட்டலாமா? விதைப் பயறில் கலந்து வைக்கலாமா?"
- தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பொட்டாஷுக்குத் தமிழில் சாம்பல்சத்து என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. விறகுச் சாம்பலில் பொட்டாஷ் நிறைய உண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. நிலக்கரிச் சாம்பல் வேறு. அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். பொட்டாஷ் மிகச் சொற்பம், தழைச்சத்து கிடையாது. போரானும் ஆர்சனிக் போன்ற உலோகங்களும் சிறு அளவில் இருக்கும். கல்லுக்குள் இறுகிவிட்டால் அவை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். வயலிலோ கிணற்றோரத்திலோ கொட்டினால் மழையில் கசியும். ஆராய்ச்சி நிலையங்களில் அளவிட்டுப் போட்டுப் பார்ப்பது வேறு, லாரி லாரியாகக் கொட்டுவது வேறு. மண் பரிசோதனையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தின் ஆலோசனையும் இல்லாமல் போட வேண்டாம்.

விதைப் பயறில் கலக்க நம் வீட்டு அடுப்புச் சாம்பலோ சாண வரட்டிச் சாம்பலோ போதும். மின் நிலையச் சாம்பலை உணவுத் தானியத்திலோ தீவனத்திலோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் நுரையீரலுக்குக் கெடுதல். ஃபிளை ஆஷ் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மூக்கில் துண்டு கட்டினால் போதாது. அதற்கான முகக்கவசம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: "ரைஸ் மில்லில் கறுப்பு உமிச் சாம்பல் இனாமாகத் தருகிறார்கள். அதையும் கல் அறுக்கச் சேர்க்கலாமா?"
- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

ஒரு டன் நெல்லில் 200 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அதில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா என்பதால் கட்டுமானத்துக்கு உதவும் பொருள்தான். ஆனால் கொதிகலனிலிருந்து வரும் சாம்பல் கறுப்பாக இருந்தால் கரி முழுதும் எரியவில்லை என்று பொருள். அதை நன்றாக அரைத்து, கரி அளவைச் சோதித்த பிறகே சாந்தில் சேர்க்கலாம். வீட்டு வேலையில் கைக்கணக்காகக் கலந்தால் வலிமை குறையும். இனாமாகக் கிடைப்பதை நாற்றங்காலுக்கும் எருக்குழிக்கும் கொண்டுபோவதே லாபம். நெற்பயிரின் தாளுக்குச் சிலிக்கா உறுதி தரும். காற்றில்லாத நேரம் பார்த்து, ஈரப்படுத்தித் தூவ வேண்டும்.